உன் இடது காலுக்குக் கொடுத்த பந்துகள்

பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். மைதா பசையின் புளித்த வாடை அடித்தது. எங்கிருந்து என்று திரும்பிப் பார்த்தால், சுவரில் நீ. ஒட்டிய ஈரம்கூடக் காயவில்லை. கண்ணீர் அஞ்சலி என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே, நம் கால்பந்து கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு வயது முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாய். வரும் ஞாயிறு மாலை தாம்பரத்தில் நம் மைதானத்திலேயே படத்திறப்பு என்று போட்டிருந்தது.

நீ போய்விட்ட செய்தி எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். கிளப் செயலாளர் என் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னார். மஞ்சள் காமாலையாம், கவனிக்காமல் விட்டுவிட்டாயாம். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள், வந்துவிடு என்றார். நான் வரவில்லை. வேலை இருந்தது என்று செத்தவனிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வர மனமில்லை, அவ்வளவுதான்.

உன் முகத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் பஸ் ஏறிப் போயிருப்பேன். படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் துணுக்கைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். முதலில் உன் பெயர். பிறகு, 'பிற்பாதி ஆட்டத்தில் முப்பது கஜ தூரத்திலிருந்து இடது காலால் அபாரமாக கோல் அடித்து அணியை வெற்றி பெறச் செய்தார்.' அந்த கோலை அடித்தவன் நான்.

என்னையறியாமல் சுவரொட்டியின் மூலையில் நகத்தை வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள், செத்தவன் படத்தைக் கிழிக்கிறானே இந்த ஆள் என்று பார்த்தார்கள். கையை எடுத்து பேண்டில் துடைத்துக்கொண்டேன். செங்கல்பட்டுக்குப் போகவேண்டியவன் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். சாப்பிட உட்கார்ந்தபோதும் விரலில் அந்தப் பசை வாடை இருந்தது.

உன்னை மச்சான் என்று கூப்பிட்டுப் பதிமூன்று வருடம் ஆகிறது. செத்துவிட்டாய் என்பதற்காக இப்போது கூப்பிடப் போவதில்லை.

ஆனால் நாம் நன்றாகத்தான் இருந்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மைதானத்தில் புல்லைவிட நெருஞ்சி முள்தான் அதிகம். நான் கோவிலம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவேன். நீ ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த உன் வீட்டிலிருந்து, ஷூவை லேஸால் முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து வருவாய். நீ ஃபார்வர்டு. நான் நடுவில் நின்று பந்து கொடுக்கும் ஹாஃப். நீ எங்கே இருக்கிறாய் என்று பார்க்காமலேயே நான் கொடுப்பேன், வருமா என்று திரும்பிப் பார்க்காமலேயே நீ ஓடுவாய். உன் வலது காலுக்கு இரண்டடி முன்னால் ஓர் இடம் உண்டு. அங்கே பந்து விழுந்தால் கோல்தான். அந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இடம்.

இடது கால் உனக்கு நிற்பதற்கு மட்டும்தான். "அத்த சும்மா பேலன்ஸுக்கு வச்சிகினு கீறேன் மச்சான்" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். நாங்களும் சிரிப்போம். மழைக்காலத்தில் சேற்றுப் பள்ளத்தைத் தாண்ட நீ வலது காலைத் தூக்கினால், இடது காலை நம்பித் தூக்காதே என்று மொத்த டீமும் கத்தும்.

நடுவில் ஆடுகிறவனை யார் கவனிக்கிறார்கள்? தொண்ணூறு நிமிடமும் ஓடுவான். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவான், தன்னிடம் வந்ததை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவான். கோல் விழுந்ததும் எல்லோரும் ஓடிப்போய் அடித்தவனைத் தூக்குவார்கள். பேப்பரிலும் அவன் பெயர்தான் வரும். அது தெரிந்துதான் நான் அந்த இடத்தில் ஆடினேன், அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. ஆனால் எண்பத்தைந்தாம் வருட சீசனில் நான் மூன்று கோல் அடித்தேன். ஹாஃபாக நிற்பவனுக்கு அது பெரிய விஷயம்.

நம்மைப் போன்ற கீழ் டிவிஷன் ஆட்டத்துக்கு எந்த நிருபர் வருவான்? ரிசல்ட்டை நாமேதான் பேப்பர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். செயலாளர் கிளப் லெட்டர்பேடில் அடியில் கையெழுத்தைப் போட்டுத் தாளை நீட்டிவிடுவார். மேலே எழுதுவது, மவுண்ட் ரோட்டுக்குப் போய் வாசல் பெட்டியில் போடுவது எல்லாம் உன் வேலை. டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போவதற்காக உன்னிடம் எலெக்ட்ரிக் ட்ரெயின் சீசன் டிக்கெட் இருந்தது. நீ அந்த வேலையை ஏற்றுக்கொண்டபோது, நல்லவன், கிளப்புக்காக அலைகிறான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவன் நான்தான்.

என் முதல் கோல் உன் பெயரில் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, இந்த இடது கால் கோல், அதுவும் வந்தது. டீக்கடையில் பேப்பரைப் பிரித்துப் பார்த்து நான் முகத்தைத் தொங்கப்போட்டபோது நீதான் ஆறுதல் சொன்னாய். "அவனுங்க அப்டித்தான் மச்சான். கோல்னாலே ஃபார்வர்டு பேர போட்ருவானுங்கோ. அடுத்த தபா நானே உள்ள போயி சொல்றேன்." டீமில் எல்லோரும் பேப்பர்காரனைத் திட்டினார்கள். உனக்கு ஏது இடது கால் என்று சிரித்தார்கள், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

அந்த வருடம்தான் நகரத்தில் ஒரு பெரிய அரசு அலுவலகத்தின் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம். காலையில் ஆபீசில் கையெழுத்து, மாலையில் பிராக்டிஸ், மேல் டிவிஷன் லீக், ஆயுசுக்கும் சம்பளம். நீயும் விண்ணப்பித்தாய், நானும் விண்ணப்பித்தேன். யார் தேறினாலும் சந்தோஷம்தான் என்று கைகொடுத்துக்கொண்டோம். பேப்பரில் பெயர் வந்த துணுக்குகளை ஒட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். உன் ஃபைல் தடிமனாக இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு குரூப் போட்டோ.

எங்கள் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாதது இல்லை. கோவிலம்பாக்கத்து நிலம் கைவிட்டுப் போய் மனைகளாகிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு உழ இடமில்லை. அண்ணன்கள் இருவரும் கிடைத்த வேலைக்குப் போனார்கள். என்னிடம் இருந்தது இந்த இரண்டு கால்கள். உன் வீட்டிலும் கஷ்டம்தான், அப்பா இல்லை, அம்மா தையல் மெஷினில் குனிந்தே கிடந்தார்கள். அதைச் சொல்லி உன்னை மன்னிக்கச் சொல்லி யாராவது வந்தால், எங்கள் வீட்டு அடுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன்.

மூன்று கோலும் என்னுடையது என்று பேப்பர் ஆபீசிலிருந்தே ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்துவிடலாம் என்று நினைத்து, உன்னிடம்கூடச் சொல்லாமல் மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளைப் பொறுமையாகப் புரட்டி, நம் கிளப் தாளை உருவி எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "எங்க மேல தப்பு இல்ல தம்பி. உங்க கிளப்ல எழுதிக் குடுத்தத அப்படியே போட்டிருக்கோம், பாருங்க."

உன் கையெழுத்து. கிளப் பெயருக்குக் கீழே நீ எப்போதும் போடும் இரட்டைக் கோடு. பிற்பாதி ஆட்டம் என்றிருந்தது, சரி. முப்பது கஜம், சரி. இடது கால், அதுவும் சரி. பெயர் மட்டும்தான் தப்பு. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். என் கோலை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாய், அபாரம் என்ற வார்த்தையைத் தேடி எழுதும் அளவுக்கு ரசித்திருக்கிறாய். பிறகு அதே பேனாவால் உன் பெயரை எழுதியிருக்கிறாய்.

அவரிடம் கடிதம் எதுவும் கேட்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து ட்ரெயின் ஏறினேன். செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். டீமில் சொல்லியிருக்கலாம். உன் சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருக்கலாம். பல்லாவரம் தாண்டும்போது எனக்கு வேறு யோசனை வந்தது. ஒரு வாரம் உன்னோடு வழக்கம்போல் டீ குடித்தேன்.

சீசனின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நம் மைதானத்திலேயே ஆட்டம். டிரா செய்தாலே போதும், கிளப் மேல் டிவிஷனுக்குப் போகும். டச் லைன் ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், ஒருவர் மடியில் உன் ஃபைல். ஆட்டம் தொடங்குமுன் நீ என் தோளை அழுத்தி, "இன்னிக்கு நல்லா குடு மச்சான்" என்றாய். குடுக்கிறேன் என்றேன்.

கொடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் பந்து கொடுத்ததில்லை. இரண்டு பேருக்கு நடுவே ஊசியில் நூல் கோத்தாற்போல நுழைந்து, ஒவ்வொரு பந்தும் சரியாக உன் இடது காலுக்கு முன்னால் போய் விழுந்தது. நீ இடது காலால் முப்பது கஜம் அடிப்பவன் என்று பேப்பரிலேயே வந்துவிட்டதே, பிறகு நான் வேறு எங்கே கொடுப்பது? வெளியே இருந்து பார்ப்பவனுக்கு அது அருமையான பாஸ். முதல் பந்தை வலது காலுக்கு மாற்றப் பார்த்தாய், அதற்குள் டிஃபெண்டர் வந்து எடுத்துக்கொண்டான். இரண்டாவதை இடது காலாலேயே அடித்தாய், பந்து கோல்கீப்பரிடம் நடந்து போனது. மூன்றாவது பந்து வந்தபோது நீ அடிக்கவே இல்லை. நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன்.

இடைவேளையில் நாற்காலியில் இருந்தவர் செயலாளரைக் கூப்பிட்டு, ஃபைலில் விரலை வைத்து, லெஃப்ட் ஃபுட் என்று போட்டிருக்கிறதே, இந்தப் பையன்தானே என்று கேட்டார். செயலாளர் தலையைச் சொறிந்தார். அது என் காதில் விழுந்தது, உன் காதிலும் விழுந்தது. பிற்பாதியிலும் நான் மாற்றவில்லை. பந்து வேண்டும் என்று நீ வலது பக்கம் ஓடினால் நான் உன் இடது பக்கம் கொடுத்தேன். கடைசியில் நீ கேட்பதையே நிறுத்திவிட்டாய். ஒரு கோலில் தோற்றோம். மேல் டிவிஷன் கனவு அதோடு போனது. மற்ற ஒன்பது பேரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்களுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

மைதானத்தின் மூலையில் இருந்த குழாயடியில் நாம் இரண்டு பேர் மட்டும் நின்றோம். நீ முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாய்.

"எப்ப தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"சரி."

அவ்வளவுதான் பேசினோம். குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து வெகுநேரம் நின்றாய். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுபடி நாம் பேசிக்கொண்டதே இல்லை.

வேலை எனக்கு வந்தது. ஃபார்வர்டு சரியில்லை, ஆனால் பந்து கொடுத்தவன் யார் என்று அவர்கள் விசாரித்தார்களாம். பதினோரு வருடம் ஆடினேன். மாநில அணி முகாம்வரை போனேன். கடைசி இரண்டு சீசன் ஆபீசில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, கல்கத்தாவில் ஒரு கிளப்புக்கு ஒப்பந்தத்தில் ஆடினேன். ஊரே திரண்டு வந்து கத்தும் மைதானம் அது. முழங்கால் போனதும் திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுக்கும் என் பெயர் பேப்பரில் வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

நீ அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஷூவைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். பின்னாளில் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நின்றாய். ஆனால் என் லீக் ஆட்டங்களுக்கு வருவாய். ஷிஃப்ட் முடித்த சட்டையோடு, கையில் டிபன் பையோடு, டச் லைன் ஓரமாகத் தனியாக நிற்பாய். நான் அந்தப் பக்கம் பந்தோடு வந்தால், கத்தமாட்டாய், சாதாரணக் குரலில் சொல்வாய்.

"லெஃப்ட்ல குடு."

பக்கத்தில் இருப்பவர்கள் பழைய சிநேகிதன் உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் தடவை பந்து என் காலைவிட்டு நழுவிப் போய்விட்டது. வருடக்கணக்கில் இதைச் செய்தாய். எனக்கு உன்னைக் கொன்றுபோடலாம் போல இருக்கும். உன் கண் முன்னால் ஒரு பாஸ்கூடத் தப்பக்கூடாது என்ற வெறியில் ஆடினேன். என்னை நல்ல ஆட்டக்காரனாக்கியது எந்தக் கோச்சும் இல்லை, அந்த வெறிதான். கல்கத்தாவில் அத்தனை இரைச்சலிலும், பந்து காலுக்கு வரும்போது உன் குரல் எனக்குக் கேட்டது.

அதனால்தான் படத்திறப்புக்கு வந்தேன். அஞ்சலி செலுத்த வரவில்லை. பெயர் பெற்ற ஆட்டக்காரன் என்று என்னைப் பேசச் சொல்வார்கள், தெரியும். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். தொந்தியும் வழுக்கையுமாக முன்வரிசையில் உட்கார்ந்து, என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டார்கள். நான் கை கழுவும் சாக்கில் குழாயடிக்குப் போனேன். உன் மனைவி பின்னாலேயே வந்தாள். அவளை நான் ஒரே ஒரு தடவை, தாம்பரம் மார்க்கெட்டில் உன்னோடு பார்த்திருக்கிறேன்.

"வருவீங்கன்னு தெரியும்ணா" என்றாள்.

அந்தப் பேப்பரைப் போடச் சொன்னது யார் என்று கேட்டேன். தான்தான் என்றாள்.

"அது உங்க கோலுன்னு தெரியும்ணா. கல்யாணம் ஆன புதுசுலயே எல்லாத்தையும் சொல்ட்டாரு. எடுக்கறப்போ நீங்க வரல. இத்தப் பாத்தா வருவீங்கன்னு போடச் சொன்னேன்."

அவள் குழாயைத் திருகி மூடினாள், நான் திறந்தபடி விட்டிருந்தேன்.

"மைக்ல சொல்லுங்கண்ணா, அது உங்க கோலுன்னு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கடைசி மேட்ச்சையும் சேத்து சொல்லிடுங்க. அத்தப் பத்தி அவரு என்னத் தவிர யாராண்டயும் வாயத் தொறக்கல."

என்னைக் கூப்பிட்டார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னேன். சுவரொட்டியில் இருக்கும் அந்த கோலை அடித்தது நான். பேப்பருக்குப் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தது இவன். மூன்று முறை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் தன் கையெழுத்து நினைவுக்கு வந்தவராகத் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அப்பவே டவுட்டுப்பா, அவனுக்கு ஏது லெஃப்ட் காலு" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு இனித்தது. பதிமூன்று வருடம் காத்திருந்து கிடைத்தது, நன்றாகவே இனித்தது.

பிறகு, அந்தக் கடைசி ஆட்டம், என்று தொடங்கினேன். உன் மனைவி ஷாமியானா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் நம் கோல்கீப்பர், தோற்றதற்குத் தானே காரணம் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருப்பவன், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். "அதுல மட்டும் தோக்காம இருந்திருந்தா நம்ம கதையே வேற" என்றான். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் இவன் நன்றாகத்தான் ஓடினான் என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உன் மனைவி எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கோபமாகக் கேட்கவில்லை, மறுபடி எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"மீதிய எப்பண்ணா சொல்வீங்க?"

நான் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன்.

பெருங்களத்தூர் சுவரில் உன்மேல் இப்போது வேறு எதையோ ஒட்டிவிட்டார்கள். ஓரத்தில் உன் காது மட்டும் தெரிகிறது. நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை, என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் உன் பெயரை எழுதியவன் நீ. ஆனால் அன்றைக்கு நான் தீர்த்தது கோபத்தை மட்டும்தான் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் உண்மையில்லை. இடைவேளையிலேயே என் கோபம் தீர்ந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்தேனே. பிற்பாதியில் ஒரு பந்து, ஒரே ஒரு பந்து உன் வலது காலுக்கு இரண்டடி முன்னால் போட்டிருந்தால் நீ கோல் அடித்திருப்பாய். ஆட்டம் மாறியிருக்கும், கிளப் மேலே போயிருக்கும், வேலை உனக்குப் போயிருக்கும். அதனால்தான் கொடுக்கவில்லை.

உன் மனைவி கேட்ட மீதி இதுதான். நம் கோல்கீப்பரின் வீடு என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், இன்னும் போகவில்லை. உன்னிடம் எழுதிவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. உன்னிடம் சொல்வது சொன்னதாகாது. உனக்குத்தான் அந்த மூன்றாவது பந்திலேயே தெரிந்துவிட்டதே.